சாராயம் காய்ச்ச எந்தச் சாமான் நல்லது என்று கேட்டாய்

தம்பிக்கு,

நாங்கள் சுகம், நீ சுகமா என்ற இரண்டு வரிகளையும் எழுதி வெட்டிவிட்டேன். அவற்றை விட்டுவைத்தால் அடுத்ததாகக் குளிரைப் பற்றி எழுதுவேன், அதற்கடுத்து யார் வீட்டில் கலியாணம் என்று எழுதுவேன், விஷயத்துக்கு வரவே மாட்டேன். விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை நீ எனக்கு மூன்று படங்கள் அனுப்பியிருந்தாய். மூன்றும் வீட்டில் சாராயம் காய்ச்சுகிற சாமான்கள். கீழே, "அம்மா, முதல்முதலா வாங்கிறவனுக்கு இதிலை எது நல்லது? கீழ்வீட்டு வாஸ்கெரூமிலை வைக்கப்போறன். அப்பாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ, சாமியார் சபிச்சுப்போடுவார்" என்று எழுதி, சிரிக்கிற முகம் ஒன்றும் போட்டிருந்தாய். இன்று ஞாயிற்றுக்கிழமை. இரண்டு நாளாகப் பதில் எழுதாமல் ரொம்மனில் இருக்கிற இந்த வீட்டின் குசினிக்கும் அறைக்கும் இடையில் நடந்துகொண்டிருக்கிறேன். நான் வீடு மாறப் பெட்டி கட்டுகிறேன் என்று அப்பா நினைக்கிறார். ஒரே பெட்டியை மூன்று தரம் கட்டி மூன்று தரம் அவிழ்த்துவிட்டேன். உள்ளே இருப்பது இட்லிச் சட்டி மட்டும்தான்.

வருகிற சனிக்கிழமை நாங்கள் மோர்டென்ஸ்ருட்டுக்கு, உன் வீட்டின் கீழ்த்தளத்துக்குக் குடிவருகிறோம். நீ எங்களுக்காக நிறம் அடித்து, அப்பாவின் முழங்காலுக்காகக் குளியலறையில் கைபிடி பூட்டி வைத்திருக்கிற வீடு அது. நீ வாஸ்கெரூம் என்று சொல்கிற அந்த உடுப்புத் தோய்க்கிற அறைக்கும் நாங்கள் படுக்கப்போகிற அறைக்கும் இடையில் ஒரு மெல்லிய சுவர்தான் இருக்கிறது. தட்டிப் பார்த்தேன். ஆகவே உன் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உன் அப்பா ஆறு வருடமாக விரதம் இருக்கவில்லை. ஆறு வருடமாகக் குடிக்காமல் இருக்கிறார். இரண்டும் ஒன்றல்ல. ஒன்று என்று உன்னையும் ஊரையும் நம்பவைத்தது நான்.

எழுதிவிட்டேன். இனிக் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று பார்த்தால், அதுவும் முடியவில்லை. எழும்பிப் போய் யன்னலைத் திறந்துவிட்டு, குளிர்கிறது என்று பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்டவனை அந்தரத்தில் விட்டுவிட்டு அறிவுரை சொல்வது அப்பாக்களின் பழக்கம், அம்மாக்கள் கேள்விக்குப் பதிலும் சொல்லிப்போட்டுத்தான் அறிவுரை சொல்வார்கள். இந்த நாட்டுச் சட்டம் உனக்குத் தெரியும், தெரியாதது போல நடிக்கிறாய். நீ வீட்டில் வைன் போடலாம், பியர் போடலாம், அதில் விழுந்து நீந்தவும் செய்யலாம். அதை ஆவியாக்கி மறுபடி திரவமாக்கினால் குற்றவாளி. அனுமதி இல்லாமல் அதற்கான சாமானை வைத்திருப்பதே குற்றம். திரவத்துக்கும் ஆவிக்கும் நடுவே நோர்வே அரசு நிற்கிறது. விற்கிறவன் இது ரோசாப்பூத் தைலம் எடுப்பதற்கு என்று எழுதியிருக்கிறான். நீ உன் வாழ்நாளில் ரோசாப்பூ வாங்கியதற்குச் சாட்சியே இல்லை.

முதல் படத்தில் இருக்கிற செம்புச் சாமான் கோபுரக் கலசம் போல இருக்கிறது. அதனால்தான் உனக்குப் பிடித்திருக்கிறது. பொருத்துகளை எதைக்கொண்டு ஒட்டியிருக்கிறான் என்று கேள். ஈயம் என்றால் அதை வாசலில் வைத்துப் பூச்செடி வளர். இரண்டாவது ஆளுயரக் குழாய், நடுவில் கண்ணாடி யன்னல்கள், பக்கத்தில் ஏழெட்டுத் திருகிகள். அதை வாங்குகிற புதியவன் திருகிகளைப் பற்றித்தான் படிப்பான், காய்ச்சி வடித்தலைப் பற்றி ஒன்றும் படிக்க மாட்டான். மூன்றாவது, நீ வேண்டாவெறுப்பாக அனுப்பியது போலத் தெரிகிற அந்தச் சின்ன எவர்சில்வர் பானை. வாய் அகலம், கையை உள்ளே விட்டுக் கழுவலாம். மின்சாரத்தில் சூடாகும், நெருப்புச் சுவாலை கிடையாது. ஆவி போகிற வழி ஒருபோதும் அடைபடாது. றப்பர் இல்லை, அலுமினியம் இல்லை. புதியவனுக்கு நல்லது எப்போதும் அழகில்லாததுதான். சட்டம் அனுமதிக்கிற ஒரு நாட்டில் நீ இருந்து, சுவருக்கு அந்தப் பக்கம் வேறு யாராவது படுத்திருந்தால், மூன்றாவதை வாங்கு என்று ஒரே வரியில் எழுதியிருப்பேன்.

போன கிழமை நீ இங்கே நிலக்கீழ்ச் சாமான் அறையைத் துப்புரவாக்க வந்தபோது என் பழைய கொப்பியையும், சாராயத்தில் மிதக்கவிட்டு வலு பார்க்கிற கண்ணாடிக் குழாயையும் கண்டெடுத்தாய். ஒவ்வொரு பக்கத்திலும் என் கையெழுத்தில் வெப்பநிலை, நேரம், மணம், சுவை. "அம்மா, அப்பான்ரை சரக்கு எண்டு எல்லாரும் கதைச்சது உங்கடை சரக்கோ?" என்று கேட்டாய். நீ பொறியியல் முடித்துப் பட்டம் வாங்கிய அன்று நான் உன்னைப் பார்த்த பார்வையால் நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வைக்காக நான் முப்பது வருடத்துக்கு மேல் காத்திருந்தேன் போலிருக்கிறது. அதனால் மற்றதைச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு, "கொப்பர் போத்தல் கழுவினதோடை சரி" என்றேன். உன் மூன்று படங்களும் அந்தச் சிரிப்புக்கு வந்த பலன்.

நான் இந்த வேலைக்கு வந்த கதையை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எண்பதுகளின் முடிவில் பாட்ஸ்பியோர்ட்டில், மீன் வெட்டும் தொழிற்சாலையில், நானும் அப்பாவும் வேலை செய்தோம். நோர்வேயின் வடக்கு நுனி அது. குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் வராது. அரசாங்க மதுக்கடை பக்கத்தில் இல்லை. அந்த ஊர் ஆட்கள் யெம்மெப்ரென்ட் என்று சொல்லித் தாங்களே காய்ச்சிக் குடித்தார்கள். எங்கள் ஊரில் அதற்குக் கசிப்பு என்று பெயர். அங்கே கசிப்பு காய்ச்சுகிறவனைப் பொலிஸ் தேடும், இங்கே பொலிசுக்குக் கொஞ்சம் எடுத்துவைப்பார்கள் என்று அப்பாவின் பழைய அறைக் கூட்டாளி ஒருவன் சொல்வான். உண்மையா தெரியாது. அவனும் அப்பாவும் சேர்ந்து தாங்களும் காய்ச்சுவது என்று முடிவெடுத்தார்கள். நீ இப்போது மூன்று படங்களை வைத்துக்கொண்டு யோசிப்பது போல அவர்கள் யோசிக்கவில்லை. நான் கொழும்பிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த என் சீதனப் பிரஷர் குக்கரை எடுத்தார்கள்.

நான் வேலை முடிந்து வந்தபோது குக்கர் அடுப்பில் இருந்தது. விசில் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு றப்பர்க் குழாய், அது யன்னல் வழியாக வெளியே போய்ப் பனிக்குள் புதைத்த ஒரு வாளிக்குள் இறங்கியது. உள்ளே சீனியும் பாண் ஈஸ்ட்டும் போட்டுப் புளிக்கவைத்த தண்ணீர், கழுத்துமட்டும். இரண்டு பேரும் யாகம் செய்கிற ஐயர்மார் போல அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"உதுக்குள்ளை நுரை பொங்கிக் குழாய் அடைச்சா என்ன நடக்கும்?" என்று கேட்டேன்.

"அடைக்காது," என்றார் அப்பா.

"நீங்கள் ஆர்ட்ஸ் படிச்சனீங்கள் எல்லோ?"

"தங்கச்சி, பயப்பிடாதேங்கோ," என்றான் கூட்டாளி. "ஆவி எண்டா மேலைதான் போகும். இது விஞ்ஞானம்."

விஞ்ஞானம் மேலேதான் போனது. குக்கரின் பாதுகாப்புக் குமிழ் கழன்று முகட்டில் அடித்து, அதன் பின்னால் உள்ளே இருந்த எல்லாமும் போனது. கூட்டாளியின் ஒரு புருவம் அந்தக் குளிர்காலம் முழுவதும் இல்லை. வாளிக்குள் வடிந்திருந்த அரைக் கோப்பையை அப்பா நக்கிப் பார்த்துவிட்டு, "பருப்பு மணக்குது" என்றார். பிறகு ஒரு மாதமாக எங்கள் வீட்டுப் பருப்பில் சாராயம் மணத்தது.

அந்த இடத்தில் நான் குக்கரைக் கழுவி மேலே வைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. நான் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு படித்தவள், இரசாயனவியலில் எங்கள் பள்ளிக்கூடத்தில் முதலாவது. பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகி, போகிற பாதையில் சண்டை தொடங்கி, போகாமலே நின்றவள். அதற்குப் பிறகு என் கையில் கிடைத்த ஒரே கருவி மீன் வெட்டுகிற கத்தி. நாளுக்கு எட்டு மணி நேரம் மீனை வெட்டிக்கொண்டு, கொதிநிலைகளை மனதுக்குள் சொல்லிக்கொண்டிருப்பேன், மறந்துபோகக்கூடாது என்று. எனக்கு முன்னால் இரண்டு ஆண்கள் அதைப் பிழையாகச் செய்துகொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை, தொழிற்சாலை கழித்துவிட்ட ஒரு எவர்சில்வர் பானையையும், படகுத் திருத்தகத்தில் கேட்டு வாங்கிய செம்புக் குழாயையும் வைத்து நானே செய்தேன். செம்புக் குழாயைச் சுருளாக வளைக்க உள்ளே உப்பு நிரப்பவேண்டும், இல்லாவிட்டால் மடிந்துவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்தச் சுருளை வளைத்து முடித்தபோது எனக்கு அழுகை வந்தது. அது எனக்குக் கிடைத்த முதல் ஆய்வுகூடம், தம்பி. நான் ஒரு சொட்டும் குடித்ததில்லை. நாக்கில் வைத்துத் துப்புவேன், கொப்பியில் எழுதுவேன்.

இப்போது அப்பா குசினிக்குள் வந்தார்.

"ஆருக்கு எழுதுறீர்?"

"தம்பிக்கு."

"அவன் ஒரு மணித்தியாலத் தூரத்திலைதானே இருக்கிறான். ஃபோன் எடும்."

"ஃபோனிலை அவன் குறுக்கை கதைப்பான்."

"நீர் கடிதத்திலை அவனைக் கதைக்கவே விடமாட்டீர்," என்று சொல்லிவிட்டு, இட்லிச் சட்டிப் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "இதென்ன, காத்தையோ கட்டி வைச்சிருக்கிறீர்?" என்று கேட்டுவிட்டுப் போனார். என் கை கடிதத்தை மூடியிருந்ததை அவர் பார்த்தார். பார்க்காதது போலப் போனார்.

ஒஸ்லோவுக்கு வந்து, நீ பிறந்து, இந்த வீட்டுக்கு வந்த பிறகு நிலக்கீழ்ச் சாமான் அறை எனக்குக் கிடைத்தது. அதன் கதவு ஏன் எப்போதும் பூட்டியிருக்கிறது என்று நீ கேட்பாய், அப்பாவின் தச்சு ஆயுதங்கள் இருக்கின்றன, வெட்டிவிடும் என்பேன். எங்கள் ஆட்களின் கலியாணவீடுகளும் பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடுகளும் உனக்குத் தெரியும். மண்டபத்துக்குள்ளே மேளம், மரக்கறிச் சாப்பாடு, ஐயர். வெளியே வாகனம் நிறுத்துகிற இடத்தில், திறந்த கார் டிக்கியைச் சுற்றி, கோட்டுப் போட்ட ஆம்பிளையள் பத்துப் பேர் குளிரில் நின்று ஏதோ தீவிரமாக ஆராய்வார்கள். பார்க்கிறவர்களுக்கு எஞ்சின் பழுதாகிவிட்டது போல இருக்கும். டிக்கியில் எஞ்சின் இல்லை என்பதை எந்த நோர்வேக்காரரும் வந்து சொன்னதில்லை. அங்கே அப்பாவின் போத்தலுக்கு ஒரு மரியாதை இருந்தது. "அண்ணை கைபட்டா அது வேறை" என்று பேசிக்கொள்வார்கள். அவர் மறுக்கவில்லை. நான் உள்ளே சேலை கட்டிக்கொண்டு தட்டத்தில் பூ அடுக்கிக்கொண்டிருப்பேன், வெளியே என் சுருளைப் புகழ்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், எனக்கும் அது போதுமாக இருந்தது. வீட்டில் ஒரு இரகசியம் இருவரையும் சந்தோசப்படுத்தினால் அதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

போத்தல்கள் வேகமாகக் குறையத் தொடங்கியதைக் கொப்பிதான் எனக்குக் காட்டியது. கலியாணவீடுகள் இல்லாத மாதங்களிலும் குறைந்தன. நான் என்ன செய்தேன் என்பதைக் கவனமாக எழுதவேண்டும், ஏனென்றால் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவர் காலையில் தலையிடி என்று படுத்துக்கிடப்பார். அது எனக்கு அவமானமாக இருந்தது. அவர் குடித்தது அல்ல, என் சரக்கு தலையிடி தந்தது. முதலில் வடிவதை இன்னும் கூடுதலாக ஊற்றிக் கழித்தேன். கடைசியில் வடிவதையும் முன்னதாகவே நிறுத்தினேன். கரியில் வடித்தேன், இரண்டாம் தரம் காய்ச்சினேன். மூன்று மாதத்தில் தலையிடியே இல்லை. கொப்பியில் அந்தப் பக்கத்துக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டிருக்கிறேன், நீ பார்த்திருப்பாய். அவரை ஒரு அளவில் நிறுத்திவைத்திருந்தது அந்தத் தலையிடி ஒன்றுதான். அதை நான் எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டுப் பெருமைப்பட்டேன்.

நீ த்ரொன்ட்ஹைமில் படித்துக்கொண்டிருந்தாய். வீட்டுக்கு வருகிற கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் நல்ல பெற்றோராக இருந்தோம், இரண்டு நாளைக்கு அது கஷ்டமில்லை. அப்பா பஸ் ஓட்டுகிறவர், உனக்குத் தெரியும். பஸ்களில் ஊதிப் பார்க்கிற பூட்டுகள் வந்துவிட்டன. சாரதி ஒரு குழாய்க்குள் ஊதவேண்டும், மூச்சில் மணம் இருந்தால் எஞ்சின் இயங்காது. ஒரு காலை ஐந்தரைக்கு வேலைக்குப் போனவர் ஏழு மணிக்குத் திரும்பி வந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

"என்ன, பஸ் பழுதோ?"

"பஸ் நல்லாத்தான் இருக்கு," என்றார். "அது என்னை ஏத்த மாட்டனெண்டுட்டுது."

முந்தின நாள் பின்னேரத்துக்குப் பிறகு அவர் ஒன்றும் குடித்திருக்கவில்லை. தலையிடி இல்லை. கண் தெளிவாக இருந்தது. தன் உடம்புக்குள் இருப்பது அவருக்கே தெரியவில்லை, அவ்வளவு சுத்தமான சரக்கு. வேலையிடத்தில் அவரைத் துரத்தவில்லை. ஓட்டாத வேலையில் விட்டு, கிழமைக்கு ஒருநாள் குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசுகிற ஒரு இடத்துக்கு அனுப்பினார்கள். எங்கள் ஆட்கள் யாராவது அங்கே இருந்துவிடுவார்களோ என்று பயந்து முதல் நாள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு போனார். அங்கே இன்னுமொரு தமிழர் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு இருந்தாராம். இரண்டு பேருக்கும் இன்றுவரை ஒருவரையொருவர் தெரியாது.

நான் சாமானைக் கழற்றிப் பழைய பொருட்கள் எடுக்கிற இடத்துக்குக் கொண்டுபோனேன். மஞ்சள் சட்டை போட்ட பெடியன் சுருளைத் தூக்கிப் பார்த்து, "இது என்னது?" என்று கேட்டான். "எங்கள் கோயிலில் பாயசம் காய்ச்சுகிறது" என்றேன். அவன் முகர்ந்து பார்த்தான். "உங்கள் கோயிலுக்கு நானும் வரலாமா?" என்று கேட்டுவிட்டு உலோகத் தொட்டிக்குள் போட்டான். கொப்பியையும் அந்தக் கண்ணாடிக் குழாயையும் மட்டும் என்னால் போட முடியவில்லை.

அடுத்ததுதான் நீ மன்னிக்கவேண்டியது. அந்த மாதமே ஒரு கலியாணவீடு வந்தது. எங்கள் ஆம்பிளையள் டிக்கிக்குப் பக்கத்தில் ஒருவன் வேண்டாம் என்று சொன்னால் விடமாட்டார்கள். மருந்து குடிக்கிறேன் என்றால் எந்த மருந்து என்பார்கள், சாரதி என்றால் மனிசி ஓட்டட்டும் என்பார்கள். ஒரே ஒரு காரணத்துக்கு மட்டும் கை தானாகக் கீழே இறங்கும். காரிலிருந்து இறங்க முன்னம் அப்பாவின் காதுக்குள், "கந்தசஷ்டி விரதம் எண்டு சொல்லுங்கோ" என்றேன். சொன்னார். எல்லாரும், "ஓ, அப்பிடியே அண்ணை" என்று ஒரு அடி பின்னால் நின்றார்கள். மந்திரம் போல வேலை செய்தது. கந்தசஷ்டி முடிந்தது. திருவெம்பாவை வந்தது. பிறகு வெள்ளிக்கிழமை, பிறகு சனீஸ்வரன், பிறகு எனக்கே பெயர் தெரியாத ஒரு நோன்பு. பஞ்சாங்கத்தை அவ்வளவு கவனமாக நான் ஒருபோதும் வாசித்ததில்லை. இரண்டு வருடத்தில் இவர் வருடம் முழுவதும் விரதம் பிடிக்கிற பெரிய மனிதர் என்று பெயர் வந்தது. சின்னப் பிள்ளைகளைக் கொண்டுவந்து இவர் காலில் விழவைத்தார்கள். கோயில் நிர்வாகத்தில் சேர்த்தார்கள், போன வருடம் தலைவராக்கினார்கள். குடிக்காமல் இருந்த ஒருவரை நாங்கள் எல்லாரும் சேர்ந்து சாமியாராக்கிவிட்டோம். நீயும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறாய், அன்பாகத்தான் சொல்கிறாய், தெரியும்.

அவருக்கு அது எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதில்லை. ஒரு நாள் திருவிழா முடிந்து வந்து வேட்டியை மாற்றும்போது தானாகவே சொன்னார். "இஞ்சை பாரும், குடிக்காமல் இருக்கிறது கஷ்டம்தான். ஆனா அதைக் கஷ்டம் எண்டு ஒருத்தரிட்டையும் சொல்லேலாமல் இருக்கிறது, அதுதான் குடிக்கச் சொல்லுது." நான், "ஒரு தேத்தண்ணி போடட்டோ?" என்று கேட்டேன். உன் அம்மா எவ்வளவோ வாசித்தவள், அந்த நேரத்தில் அவளுக்கு வாயில் வந்தது அதுதான்.

இப்போது உன் வீட்டுக்கு வருகிறோம். இந்த வீட்டை விற்றாயிற்று, திரும்பிப் போக இடமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சனிக்கிழமைகளில் நீ காய்ச்சுவாய். எனக்குத் தெரியும், புளித்தது கொதிக்கத் தொடங்கும்போது முதலில் பாண் வேகிற மணம் வரும், பிறகு பச்சை அப்பிள், பிறகு அது. கதவை மூடினாலும் வரும். நீ கொண்டாட்டமாகக் கீழே இறங்கி வந்து, "அம்மா, ஒருக்கால் நாக்கிலை வைச்சுப் பாருங்கோ" என்பாய். நான் பார்ப்பேன். அதுதான் என் பயம், தம்பி. எனக்கு ஆசையாக இருக்கிறது. உன் படங்களைப் பார்த்த அந்த வெள்ளிக்கிழமை, அப்பாவை நினைப்பதற்கு முன்னால், பொருத்துகளைத்தான் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவதற்கு என்ன சுருள் பொருந்தும் என்று கணக்குப் போட்டு முடித்த பிறகுதான் சுவர் ஞாபகம் வந்தது.

ஆகவே நான் கேட்பது இதுதான்: அந்தச் சாமானை வாங்காதே. சட்டத்துக்காக அல்ல, அது உன் பாடு. அப்பா அந்த வீட்டில் நித்திரை கொள்ளவேண்டும் என்பதற்காக.

இவ்வளவும் எழுதி, கையெழுத்துப் போடப்போன இடத்தில் நிறுத்தினேன். அவருடைய விஷயத்தை அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன், ஆறு வருடமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன் என்று பட்டது. எழும்பி அறைக்குள் போய்க் கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். உன் படங்களைக் காட்டவில்லை, எழுத்தில் இருந்ததே போதும். அவர் நின்றபடியே வாசித்தார். நான் குசினிக்கும் அறைக்கும் நடந்தேன்.

"உம்மடை கடிதத்திலை நீர்தான் கதாநாயகி," என்றார்.

"நான் என்ரை பிழையைத்தானே எழுதியிருக்கிறன்."

"அதைத்தான் சொல்லுறன். பிழையிலையும் முதலாவதா வரப் பாக்கிறீர்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "உம்மடை சரக்கு நல்லதுதான். ஆனா நீர் காய்ச்சாட்டி நான் கடையிலை வாங்கிக் குடிச்சிருப்பன். குடிச்சது நான். நிப்பாட்டினதும் நான். என்னட்டைச் சொந்தமா இருக்கிறது உது ரெண்டும்தான், உதையும் நீர் எடுத்துப்போடாதேயும்."

இந்தத் தரம் தேத்தண்ணி போடட்டோ என்று நான் கேட்கவில்லை. அவர் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, சப்பாத்தைப் போட்டு, குளிர்ச்சட்டையை எடுத்தார்.

"எங்கை போறியள்? பின்னேரம் கோயில் கூட்டம் எல்லோ?"

"நான் இல்லாமல் நடக்கும். மோர்டென்ஸ்ருட்டுக்குப் போறன்."

"என்னெண்டு சொல்லப்போறியள்?"

"தெரியேல்லை. ரயிலிலை யோசிக்கிறன். நகரத்தின்ரை இந்தத் தொங்கலிலை இருந்து அந்தத் தொங்கல், நேரம் இருக்குத்தானே." கதவைத் திறந்துவிட்டுத் திரும்பினார். "விரதம் எண்டு மட்டும் சொல்லமாட்டன்."

யன்னலால் பார்த்தேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பனியில் வழுக்காமல், நிலையத்தை நோக்கிப் போனார். இப்போது நடு நகரத்தில் இறங்கி மற்ற ரயிலுக்குக் காத்துக்கொண்டிருப்பார். கோயிலிலிருந்து இரண்டு தரம் தொலைபேசி வந்துவிட்டது, தலைவர் எங்கே என்று. இன்று அவருக்கு விரதம் என்று சொல்ல வாய் வந்தது. மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றேன்.

இந்தக் கடிதத்தை இப்போது உனக்கு அனுப்பினால், எல்லாம் தெரிந்த முகத்தோடு கதவைத் திறப்பாய். அந்த முகத்தைப் பார்த்தால் அவர் காலநிலையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பிவிடுவார். அதனால் அவர் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் அனுப்புவேன். நீ இதை வாசிக்கும்போது அவர் உன் வாசலில் நின்று, தன் வாயால், தனக்குத் தெரிந்த மாதிரிச் சொல்லி முடித்திருப்பார். அவர் சொன்னதற்கும் நான் எழுதியதற்கும் எங்கேயாவது வித்தியாசம் இருந்தால், தம்பி, அவர் சொன்னதை நம்பு.

அம்மா